அரசாங்க இணையத்தளம் எல்லாருக்கும் திறக்குதா? அணுகல் வசதி பற்றித் தெரிஞ்சுக்கலாம்

சிடிசி பற்றுச்சீட்டு வாங்கணுமா? சிங்பாஸ். பலதுறை மருந்தகத்தில் சந்திப்பு நேரத்தை மாத்தணுமா? செயலி. வீவக வீட்டுக்கு விண்ணப்பம், மத்திய சேம நிதிக் கணக்கு, வருமான வரி என்று அரசாங்கத்தோடு நமக்கு இருக்கும் வேலைகளில் பெரும்பாலானவை இப்போது இணையத்தில்தான் நடக்கின்றன.

நம்மில் பலருக்கு எம்ஆர்டியில் நின்றுகொண்டே முடித்துவிடக்கூடிய வேலை இது. ஆனால் திரையைப் பார்க்க முடியாதவருக்கு? கை நடுங்குவதால் சின்னப் பொத்தானைத் தட்ட முடியாதவருக்கு?

தளம் சரியாக அமையலைன்னா, அவர் கைத்தொலைபேசியை இன்னொருவரிடம் நீட்டி, "கொஞ்சம் பண்ணிக் கொடுங்க"ன்னு கேட்க வேண்டியிருக்கும். மறைச்சொல், சேமிப்பில் இருக்கும் தொகை, மருத்துவ விவரம் எல்லாம் அந்த இன்னொருவர் கண்ணில் படும். சிங்பாஸ் மறைச்சொல்லை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அரசாங்கம் திரும்பத் திரும்ப எச்சரிக்கும் காலம் இது. அந்த எச்சரிக்கையைப் பின்பற்ற வேண்டுமென்றால், ஒருவரால் தன் வேலையைத் தானே முடிக்க முடியணும்.

அதற்கு வழிசெய்வதுதான் அணுகல் வசதி. ஆங்கிலத்தில் ஆக்ஸசிபிலிட்டி என்பார்கள். அது எப்படி வேலை செய்கிறது, எங்கே சறுக்குகிறது, தமிழ்ப் பக்கங்களுக்கு என்ன தனிச் சிக்கல்? பார்க்கலாம்.

யாருக்கெல்லாம் இது தேவை?

உலகில் சுமார் 130 கோடிப் பேருக்குக் குறிப்பிடத்தக்க உடற்குறை இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. ஆறு பேரில் ஒருவர். அவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி இணையத்தைப் பயன்படுத்துவதில்லை.

• பார்வையற்றோர்: திரையில் இருப்பதைக் குரலாக மாற்றும் 'திரை வாசிப்பான்' மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். ஐபோனில் வாய்ஸ்ஓவர், ஆண்ட்ராய்டில் டாக்பேக் ஏற்கெனவே இருக்கு. விண்டோஸ் கணினிக்கு என்விடிஏ இலவசமாகக் கிடைக்கிறது.
• மங்கலாகத் தெரிவோர்: எழுத்தைப் பெரிதாக்கியும் நிறத்தை மாற்றியும் படிக்கிறார்கள்.
• காது கேளாதோர்: காணொளிக்கு வசன வரி வேண்டும். "மேல்விவரங்களுக்கு அழையுங்கள்" என்று தொலைபேசி எண்ணை மட்டும் போட்டால் அவர்களுக்குக் கதவை மூடியதற்குச் சமம்.
• கையை எளிதில் அசைக்க முடியாதோர்: மவுஸ் இல்லாமல் விசைப்பலகை, குரல், அல்லது ஒற்றைப் பொத்தான் கருவி வழியாகத் தளத்தில் நகர்கிறார்கள்.
• டிஸ்லெக்சியா, மூளைக் காயம், ஞாபக மறதி உள்ளோர்: எளிய மொழி, தெளிவான படிநிலைகள், போதிய நேரம் தேவை.

இந்தப் பட்டியலில் நாம் இல்லை என்று நினைக்க வேண்டாம். கை முறிந்து கட்டுப் போட்டிருந்தால், மூக்குக்கண்ணாடியை மறந்து வைத்துவிட்டால், வெயிலில் திரை தெரியாவிட்டால் நமக்கும் இதே சிக்கல்தான். 2030இல் சிங்கப்பூரர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியிருப்பார் அல்லது தாண்டியிருப்பார். அவர்களில் நம்ம தாத்தா பாட்டியும் இருப்பாங்க.

வீவக புளோக்குகளை நினைச்சுப் பாருங்க. ஒரு காலத்தில் பல புளோக்குகளில் மின்தூக்கி சில மாடிகளில் மட்டும்தான் நிற்கும். 2001இல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிறகுதான் முடிந்த இடங்களில் எல்லாம் அது ஒவ்வொரு மாடியிலும் நிற்க ஆரம்பித்தது. சக்கர நாற்காலியில் இருப்பவரோடு, குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும் அம்மாவும் சந்தையிலிருந்து பை தூக்கி வரும் பாட்டியும் பயனடைந்தார்கள். இணையத்தளத்திலும் இதே கணக்குதான்.

காதால் 'பார்த்தால்' ஒரு பக்கம் எப்படி இருக்கும்?

மருத்துவச் சந்திப்பை மாற்றும் படிவம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கு. அதைத் திரை வாசிப்பான் படிக்கிறது:

"படம். படம். இணைப்பு, இங்கே சொடுக்கவும். இணைப்பு, இங்கே சொடுக்கவும். எழுதும் கட்டம். எழுதும் கட்டம். பொத்தான்."

எந்தக் கட்டத்தில் அடையாள அட்டை எண், எந்தக் கட்டத்தில் பிறந்த தேதி? அந்தப் பொத்தான் அனுப்புமா, அழிச்சிடுமா? ஒன்றும் தெரியாது. தப்பாக நிரப்பினால் கட்டத்தைச் சுற்றி சிவப்புக் கோடு வரும். அதுவும் அவருக்குத் தெரியாது. 'பொத்தானை அழுத்தினேன், ஒன்னும் நடக்கலையே' என்று காத்திருப்பார்.

அதே படிவம் சரியாகச் செய்யப்பட்டிருந்தால்:

"தலைப்பு, மருத்துவச் சந்திப்பை மாற்றுதல். எழுதும் கட்டம், அடையாள அட்டை எண், கட்டாயம் நிரப்பவும். எழுதும் கட்டம், பிறந்த தேதி. பிழை, ஆண்டை நான்கு இலக்கத்தில் எழுதவும். பொத்தான், புதிய நேரத்தைத் தேர்ந்தெடுக்க."

கண்ணால் பார்ப்பவருக்கு இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுபோல்தான் தெரியும். வித்தியாசம் பின்னால் இருக்கும் நிரலில். கட்டத்துக்குப் பெயர், படத்துக்கு 'ஆல்ட் டெக்ஸ்ட்' எனப்படும் மாற்று உரை, தலைப்பைத் தலைப்பு என்று சொல்லும் குறியீடு ஆகிய சில வரிகள்தான். அந்த வரிகள் இல்லாததால் ஒருவரின் மருத்துவச் சந்திப்பே தவறிப்போகலாம்.

அனைத்துலகத் தரம் என்ன சொல்கிறது?

இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி கூட்டமைப்பு, டபிள்யூசிஏஜி எனும் வழிகாட்டியை முதன்முதலில் 1999இல் வெளியிட்டது. இப்போதுள்ள 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. அதில் ஏ, ஏஏ, ஏஏஏ என மூன்று நிலைகள் உண்டு. அரசாங்கங்கள் பொதுவாகக் குறிவைப்பது நடுவில் இருக்கும் ஏஏ நிலையை.

வழிகாட்டி நான்கு கேள்விகளில் அடங்கிவிடும். தகவலைப் பயனாளரால் ஏதாவது ஒரு புலன்வழி உணர முடிகிறதா? தளத்தை இயக்க முடிகிறதா? புரிகிறதா? அவர் வைத்திருக்கும் கருவியோடு ஒத்துப்போகிறதா?

சில விதிகளைப் பார்த்தாலே அவை எவ்வளவு நடைமுறையானவை என்பது தெரியும்:

• சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான நிற வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்கணும். வெள்ளையில் கறுப்பு 21க்கு 1. வெள்ளையில் வெளிர் சாம்பல் பெரும்பாலும் தேறாது.
• எழுத்தை 200 விழுக்காடு பெரிதாக்கினாலும் எதுவும் மறையவோ வெட்டுப்படவோ கூடாது.
• மவுஸ் இல்லாமல் விசைப்பலகையால் மட்டுமே எல்லாவற்றையும் செய்ய முடியணும்.
• நேரம் முடிந்து தளம் வெளியேற்றப் போகிறது என்றால், பொதுவாக முன்கூட்டியே எச்சரித்து, நேரத்தை நீட்டிக்கக் குறைந்தது 20 விநாடி கொடுக்கணும்.
• உள்நுழையும்போது ஞாபக சக்தியைச் சோதிக்கக் கூடாது. மறைச்சொல்லையும் ஓடிபி எண்ணையும் நகலெடுத்து ஒட்ட விடுவது இதற்கு ஒரு வழி. (2.2 பதிப்பில் சேர்ந்த விதி.)

இவ்வளவு தெளிவாக இருந்தும் எத்தனை தளங்கள் பின்பற்றுகின்றன? வெப்எய்ம் எனும் அமெரிக்க அமைப்பு ஆண்டுதோறும் உலகின் 10 லட்சம் முகப்புப் பக்கங்களைத் தானியங்கி முறையில் சோதிக்கிறது. 2025இல் அவற்றில் 94.8 விழுக்காட்டில் பிழை தென்பட்டது. ஆக அதிகமாகக் காணப்பட்ட பிழை, மங்கிய எழுத்து. அடுத்து, மாற்று உரை இல்லாத படங்கள், பெயரில்லாத கட்டங்கள். எல்லாமே எளிதில் திருத்தக்கூடியவை.

நீதிமன்றம் வரை போன கதைகள்

பொது அமைப்பின் இணையத்தளம் ஒருவரை ஒதுக்கினால் அது பாகுபாடா? இந்தக் கேள்வி கால் நூற்றாண்டுக்கு முன்பே எழுந்தது.

2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்ஸ் போட்டிகளின் அதிகாரபூர்வத் தளத்தைப் பார்வையற்றவரான புரூஸ் மகுவயரால் முழுமையாகப் பயன்படுத்த முடியவில்லை. படங்களுக்கு மாற்று உரை இல்லை. அட்டவணைப் பக்கத்திலிருந்து விளையாட்டுகளின் பட்டியலுக்குப் போக முடியவில்லை. 1999இல் அவர் ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையத்திடம் புகார் கொடுத்தார்.

தளத்தைச் சரிசெய்ய 20 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் ஆகும் என்றது ஏற்பாட்டுக் குழு. சிறு குழு ஒன்று சில வாரங்களில் முடித்துவிடலாம் என்றார்கள் மகுவயர் தரப்பு நிபுணர்கள். ஆணையம் மகுவயர் பக்கம் தீர்ப்பளித்தது. போட்டிகளின் தொடக்க நாளான செப்டம்பர் 15க்குள் திருத்தச் சொன்னது. ஏற்பாட்டுக் குழு முழுமையாகத் திருத்தவில்லை. போட்டிகள் முடிந்த பிறகு 20,000 டாலர் இழப்பீடு விதிக்கப்பட்டது. ஆனால் ஒலிம்பிக்ஸ் முடிஞ்சுபோச்சே! தாமதமாகக் கிடைக்கும் அணுகல் வசதியால் என்ன பயன் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அடுத்தது கனடா. டோனா ஜோடன் எனும் பார்வையற்ற பெண்மணி, அரசாங்க வேலைத் தளத்தையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் இணையப் படிவத்தையும் பயன்படுத்த முடியவில்லை என்று கனடிய அரசாங்கத்தின் மீதே வழக்குத் தொடுத்தார். தொலைபேசி, அஞ்சல், நேரடி உதவி எல்லாம் இருக்கிறதே என்று அரசாங்கம் வாதிட்டது. கூட்டரசு நீதிமன்றம் 2010இல் அதை ஏற்க மறுத்தது. பிறரைச் சார்ந்திருக்காமல், மற்றவர்களைப் போலவே இணையத்தில் தானே செய்துகொள்வதற்கு மாற்று வழிகள் ஈடாகாது என்பது தீர்ப்பின் சாரம். தளங்களைச் சரிசெய்ய 15 மாதம் கொடுக்கப்பட்டது. 2012இல் மேல்முறையீட்டிலும் ஜோடனுக்கே வெற்றி.

ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் பொதுத் துறைத் தளங்களுக்கென்றே ஓர் உத்தரவை இயற்றியது. ஒவ்வொரு தளமும் 'எங்களிடம் எது சரியாக இருக்கிறது, எது இன்னும் சரியாகவில்லை, யாரிடம் புகார் கொடுக்கலாம்' என்று வெளிப்படையான அறிக்கை வைக்கணும் என்பது அதன் முக்கிய அம்சம்.

சிங்கப்பூரில் நிலைமை என்ன?

உடற்குறையுள்ளோரின் உரிமைகளுக்கான ஐநா உடன்படிக்கையை சிங்கப்பூர் 2013இல் உறுதிப்படுத்தியது. அதன் 9ஆம் பிரிவு கட்டடம், போக்குவரத்து ஆகியவற்றோடு இணையத்தையும் சேர்த்தே பேசுகிறது. கட்டடங்களைப் பொறுத்தவரை இங்கே 1990 முதலே தடையற்ற அணுகலுக்கான விதித்தொகுப்பு இருக்கு. சரிவுப்பாதை, கைப்பிடி எல்லாம் நமக்குப் பழகிப்போனது. இணையம் பின்னால்தான் வந்தது.

அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பான கவ்டெக், அரசாங்கத் தளங்களுக்கான மின்னிலக்கச் சேவைத் தரங்களை வகுத்திருக்கிறது. அணுகல் வசதி அதில் ஒரு பகுதி. 2022இல் வெளியான 'இனேபளிங் மாஸ்டர்பிளான் 2030' எனும் உடற்குறையுள்ளோருக்கான பெருந்திட்டம் ஓர் இலக்கையும் வைத்தது: அதிகமானோர் பயன்படுத்தும் அரசாங்கத் தளங்கள் அனைத்தும் 2030க்குள் உடற்குறையுள்ளோர் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும்.

நல்ல இலக்கு. ஆனால் 'அதிகமானோர் பயன்படுத்தும்' என்ற சொற்களைக் கவனிக்கணும். ஒருவருக்கு அவசரமாகத் தேவைப்படும் பக்கம், குறைவானோர் பார்க்கும் பக்கமாக இருக்கலாம். உதவித்தொகைக்கான ஒரு படிவம், மேல்முறையீட்டுக்கான ஒரு பக்கம் போன்றவை அப்படிப்பட்டவைதான்.

பொதுவான கருவிகள் இங்கே உதவும். ஐசோமர் வழியாகத் தளம் கட்டி, ஃபார்ம்எஸ்ஜி வழியாகப் படிவம் தயாரிக்கும் அரசாங்க அமைப்புகள் பல. அந்த ஓர் இடத்தில் குறையைத் திருத்தினால் அதைப் பயன்படுத்தும் எல்லாத் தளங்களுக்கும் பலன் போய்ச்சேரும். தளங்களைத் தானாகச் சோதிக்க 'ஊபீ' எனும் இலவசக் கருவியையும் கவ்டெக் உருவாக்கியிருக்கிறது.

தமிழ்ப் பக்கங்களுக்குத் தனிச் சிக்கல்

இங்குதான் நமக்கு நேரடித் தொடர்பு. நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் தகவல் கொடுத்தாச்சு, வேலை முடிஞ்சதுன்னு நினைச்சுடக் கூடாது. தமிழ் தளத்தில் இருப்பது வேறு, அது காதில் தமிழாக விழுவது வேறு.

முதல் சிக்கல், மொழிக் குறியீடு. ஒவ்வொரு பக்கத்தின் நிரலிலும் அது எந்த மொழி என்று ஒரு வரி இருக்கணும். ஆங்கிலப் பக்கத்தை நகலெடுத்து உள்ளே தமிழைப் போட்டுவிட்டு அந்த வரியை மாற்ற மறந்தால், திரை வாசிப்பான் தமிழை ஆங்கிலக் குரலில் படிக்க முயலும். அந்தக் குரலுக்குத் தமிழ் தெரியாவிட்டால் சில சமயம் எழுத்து எழுத்தாகச் சொல்லும், சில சமயம் பேசாமலே தாண்டிப் போய்விடும். எதைத் தவறவிட்டோம் என்பதே கேட்பவருக்குத் தெரியாது. இது டபிள்யூசிஏஜியின் அடிப்படையான ஏ நிலை விதி. திருத்த ஒரு நிமிடம் போதும்.

இரண்டாவது, படமாகப் போடுவது. ஆங்கிலத்தில் எழுத்தாக இருக்கும் அறிவிப்பு, தமிழில் சுவரொட்டிப் படமாக மட்டும் வருவதுண்டு. திரை வாசிப்பானுக்கு அது வெறும் 'படம்'. மங்கலாகத் தெரிபவர் பெரிதாக்கினால் எழுத்து சிதைந்துபோகும்.

மூன்றாவது, பிடிஎஃப். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் திரையில் தெரிவது 'அம்மா'. ஆனால் அடியில் சேமிக்கப்பட்டிருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் எனும் ஆங்கில எழுத்துகளும் குறியும். திரை வாசிப்பான் அதைத்தான் படிக்கும். யூனிகோடில் தயாரித்தாலும் சில பிடிஎஃப்களில் கொம்பும் காலும் இடம் மாறி, 'கொடு' என்பது 'ெகாடு' ஆகிவிடும். முடிந்தவரை பிடிஎஃபைத் தவிர்த்து, தகவலைச் சாதாரண இணையப் பக்கமாகவே போடுவது நல்லது. பிரிட்டிஷ் அரசாங்கத் தளமான கவ்.யூகே தன் அமைப்புகளுக்குச் சொல்லும் அறிவுரையும் இதுதான்.

நான்காவது, இட நெருக்கடி. 'லாகின்' அஞ்சே எழுத்து. 'உள்நுழையவும்' நீளம். ஆங்கிலத்தை மனத்தில் வைத்து அளந்த பொத்தானில் தமிழ்ச் சொல் வெட்டுப்படும். எழுத்தைப் பெரிதாக்கினால் இன்னும் மோசம்.

வழக்கமாக எங்கே தப்பு நடக்கிறது?

ஆகப் பெரிய தவறு, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது. வீடு கட்டி முடித்த பிறகு வாசலை அகலப்படுத்துவது போன்ற வேலை அது. குத்தகைக்கு விடும் ஆவணத்திலேயே அணுகல் வசதியை நிபந்தனையாகப் போட்டு, வடிவமைப்பு, நிரல், உள்ளடக்கம் என ஒவ்வொரு கட்டத்திலும் சோதித்தால் செலவு குறைவு.

இரண்டாவது, குறுக்கு வழி. தளத்தின் ஓரத்தில் சக்கர நாற்காலிச் சின்னம் போட்ட ஒரு பொத்தானைப் பார்த்திருப்பீங்க. அதை ஒட்டவைத்தால் தளம் தானாகவே தரத்தை எட்டிவிடும் என்று விளம்பரம் செய்த ஆக்சசிபி நிறுவனத்தின் மீது அமெரிக்கக் கூட்டரசு வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. அந்த நிறுவனம் 10 லட்சம் அமெரிக்க டாலர் செலுத்த வேண்டும் என்று 2025இல் முடிவானது. பெயரில்லாத கட்டத்துக்கு அந்தப் பொத்தானால் சரியான பெயரை உறுதியாகச் சூட்ட முடியாது.

மூன்றாவது, கருவியை மட்டும் நம்புவது. பிரிட்டிஷ் அரசாங்கத்தின் மின்னிலக்கச் சேவைக் குழு 2017இல் 100க்கும் மேற்பட்ட குறைகளை வேண்டுமென்றே வைத்து ஒரு பக்கத்தை உருவாக்கி, தானியங்கிக் கருவிகளிடம் கொடுத்தது. ஆகச் சிறந்த கருவிகூடப் பாதிக் குறைகளைக் கண்டுபிடிக்கவில்லை. படத்துக்கு மாற்று உரை இருக்கா என்று கருவி சொல்லும். அந்த உரை அர்த்தமுள்ளதா என்று சொல்லாது. அதனால் உடற்குறையுள்ள பயனாளர்களையே அழைத்துச் சோதிக்கச் சொல்லணும். அந்த நேரத்துக்கும் உழைப்புக்கும் சம்பளம் கொடுக்கணும்.

நீங்களே சோதிச்சுப் பாருங்க

நிரல் எழுதத் தெரிய வேண்டாம். நீங்கள் அடிக்கடி போகும் ஓர் அரசாங்கத் தளத்தைத் திறந்து, பத்து நிமிடம் ஒதுக்குங்கள்:

1. மவுஸைத் தள்ளி வையுங்க. டேப் விசையை மட்டும் தட்டி நகருங்க. எங்கே இருக்கீங்கன்னு திரையில் தெரியுதா? எங்காவது மாட்டிக்கிட்டீங்களா?
2. பக்கத்தை 200 விழுக்காடு பெரிதாக்குங்கள். எழுத்து வெட்டுப்படுகிறதா?
3. கைத்தொலைபேசியில் வாய்ஸ்ஓவர் அல்லது டாக்பேக் வசதியைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு படிவத்தை நிரப்பிப் பாருங்க. அதை நிறுத்துவது எப்படின்னு முதலிலேயே தெரிஞ்சுக்கோங்க. அந்த வசதி இயங்கும்போது ஒருமுறை தட்டினால் தேர்வு, இருமுறை தட்டினால்தான் திறக்கும்.
4. தமிழ்ப் பக்கத்தையும் அதே மாதிரி படிக்க விடுங்கள். தமிழ்க் குரல் வருதா? கைத்தொலைபேசியில் தமிழ்க் குரல் இருந்தும் வரலைன்னா, மொழிக் குறியீடு தவறாக இருக்க வாய்ப்புண்டு.
5. தமிழ் பிடிஎஃபில் ஒரு வரியை நகலெடுத்துக் குறுஞ்செய்தியில் ஒட்டுங்கள். என்ன வருதோ, திரை வாசிப்பானுக்கும் கிட்டத்தட்ட அதுதான் கிடைக்கும்.

குறை கண்டால் என்ன செய்யலாம்?

அரசாங்கத் தளங்களின் அடியில் கருத்துத் தெரிவிக்கும் இணைப்பு இருக்கும். 'தளம் சரியில்லை' என்று மட்டும் எழுதினால் அது கிடப்பில் போகலாம். எந்தப் பக்கம், எந்தக் கருவி அல்லது உலாவி, என்ன செய்ய முயன்றீர்கள், எந்த இடத்தில் நின்றுபோனது என்ற நான்கையும் எழுதுங்கள். "சந்திப்பை மாற்றும் பக்கத்தில், ஐபோன் வாய்ஸ்ஓவரில், இரண்டாவது கட்டத்துக்குப் பெயர் இல்லை" என்று எழுதினால், சரிசெய்பவருக்கு நேராக அந்த இடத்துக்குப் போக முடியும்.

படிக்கும் இடத்தில், வேலையிடத்தில், கோயில் அல்லது சமூக மன்றக் குழுவில் நீங்களே அறிவிப்புத் தயாரிப்பவராக இருக்கலாம். அடுத்த முறை தமிழ்ச் சுவரொட்டியை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது, அதே தகவலை எழுத்தாகவும் கீழே தட்டிவிடுங்கள். பார்வையற்ற ஒருவர் நிகழ்ச்சி எப்போது, எங்கே என்று யாரையும் கேட்காமல் தெரிந்துகொள்ள அந்த நாலு வரி போதும்.